அவலான் எங்கே இருக்கிறது?

நியூ ஆர்லியன்ஸில் போர்பன் தெரு என்று ஒன்று இருக்கிறது. ஜாஸ் கேட்க வந்தேன் என்று சொன்னால் ட்ராவல்ஸ்காரர்கள் முதல் காரியமாக அங்கேதான் அனுப்புவார்கள். தயவுசெய்து போகாதீர்கள். போய்த்தான் தீருவேன் என்றால், தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெரு மாதிரி ஒரு கூட்டத்தையும், ஆளுக்கொரு பிளாஸ்டிக் டம்ளரில் பச்சையாக ஏதோ ஒரு திரவத்தையும், கதவுக்குக் கதவு அலறும் ஸ்பீக்கர்களையும் ஐந்து நிமிஷம் தரிசித்துவிட்டு, செயின்ட் பீட்டர் தெருவில் திரும்பிவிடுங்கள்.

அங்கே 726-ம் நம்பர் கட்டடத்தின் பெயர் பிரிசர்வேஷன் ஹால். ஹால் என்பது மரியாதைக்காகச் சொல்வது. நம்ம ஊர் கல்யாண மண்டபத்தில் சமையல்காரர்கள் காய் நறுக்கும் இடம் இதைவிடப் பெரிசு. பூச்சு உதிர்ந்த சுவர், சில பெஞ்சுகள், முன்வரிசைக்குத் தரையில் மெத்தை. மது கிடையாது. அந்த ஊரில் இது கிட்டத்தட்டப் புரட்சி.

1961-ல் ஆலன் ஜாஃபே, சாண்ட்ரா ஜாஃபே என்ற தம்பதி இதை நடத்த ஆரம்பித்தார்கள். ராக் அண்ட் ரோல் வந்து அடித்த அடியில், ஜாஸைப் பிறப்பித்த ஊரிலேயே கிழட்டு வித்வான்கள் வேலையில்லாமல் இருந்த காலம். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே மேடையில் உட்கார்ந்து வாசிப்பதே அங்கே வம்பை விலைக்கு வாங்குகிற காரியம். ஜாஃபே தம்பதி வாங்கினார்கள். நேயர் விருப்பத்துக்குக் காசு வைத்திருந்த அவர்களுடைய பலகை ரொம்பப் பிரசித்தம். பழைய பாட்டு 2 டாலர், மற்றவை 5 டாலர், எல்லாரும் கேட்டுக் கேட்டு வித்வான்களின் உயிரை வாங்கும் 'தி செயின்ட்ஸ்' மட்டும் 10 டாலர். நம்ம சபாக்களில் கடைசித் துக்கடாவுக்குச் சீட்டு அனுப்பும் மாமாக்களுக்கு இந்த முறையைச் சிபாரிசு செய்கிறேன்.

என்னோடு வந்தவன் என் அக்கா பையன். ஹூஸ்டனில் கம்ப்யூட்டர் வேலை. கார் அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, காரில் போடும் பாட்டு மட்டும் என்னுடையது என்று ஒப்பந்தம். அவன் வாட்சைப் பார்த்தான்.

"மாமா, மொத்தமே முக்கால் மணி நேரமாம். உட்காரக்கூட இடம் இல்லை. இதுக்கா இவ்ளோ காசு?"

"கேளுடா முதல்ல."

ட்ரம்பெட், கிளாரினெட், ட்ராம்போன், பியானோ, பேஸ், ட்ரம்ஸ். மைக் கிடையாது. எல்லாரும் சேர்ந்து ஒரு மெட்டை வாசித்தார்கள். பிறகு கிளாரினெட்காரர் எழுந்து, அதே மெட்டின் எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்குச் சதை போட்டார். அவர் விட்ட இடத்தில் ட்ராம்போன். பிறகு ட்ரம்பெட். கடைசியில் எல்லாரும் சேர்ந்து மறுபடி மெட்டு. ஜாஸ் புரியவில்லை என்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: நிரவலும் கல்பனாஸ்வரமும் கேட்டுப் பழகிய காதுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. பல்லவி திரும்பி வருமா என்று காத்திருக்கிற அதே பதைப்புதான். ஒரே வித்தியாசம், இங்கே தப்பாட்டம் ஆடினால் முன்வரிசையிலிருந்து யாரும் திரும்பிப் பார்த்து முறைப்பதில்லை.

வெளியே வந்ததும் பையன் கேட்டான்: "அந்தக் கிளாரினெட் நம்ம ஊர்ல கோயில்ல வாசிப்பாங்களே, அதேதானே?"

அதேதான். வெள்ளைக்காரன் பட்டாளத்து பேண்டோடு ஊர் ஊராகப் போன வாத்தியங்கள் இவை. தமிழ்நாட்டில் கிளாரினெட் சின்ன மேளத்தில் நுழைந்து, ஏ.கே.சி. நடராஜன் கையில் கச்சேரி மேடைக்கு ஏறியது. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸஃபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத் அதைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பணிய வைத்தார். நியூ ஆர்லியன்ஸில் இதே பித்தளைச் சாமான்கள் கறுப்பர்கள் கையில் கிடைத்தன. அவர்களிடம் ஏற்கெனவே தாளம் இருந்தது. ஊருக்கு நடுவே காங்கோ ஸ்கொயர் என்ற மைதானம் இன்னும் இருக்கிறது. அடிமைகள் கூடுவதென்றால் ஞாயிற்றுக்கிழமை, நகரம் குறித்துக் கொடுத்த ஒரே இடத்தில்தான் கூடலாம் என்று 1817-ல் சட்டம் போட்டார்கள். அப்படிக் கிடைத்த அந்த மைதானத்தில் அவர்கள் ஆப்பிரிக்கப் பறைகளை அடித்து ஆடினார்கள். பித்தளையும் பறையும் சேர எண்பது தொண்ணூறு வருஷம் ஆயிற்று.

பறை என்று சும்மா சொல்லவில்லை. மறுநாள் ஞாயிறு, ட்ரெமே என்கிற பேட்டையில் ஒரு ஊர்வலம். முன்னால் சங்கத்துக்காரர்களும் பேண்டும். அது முதல் வரிசை. பின்னால் கைக்குட்டையை ஆட்டிக்கொண்டு சேர்ந்துகொள்ளும் ஊர்ஜனம் இரண்டாம் வரிசை. 'செகண்ட் லைன்' என்றே அதற்குப் பெயர். சாவு வீட்டிலும் இதே பேண்டுதான். கல்லறை வரைக்கும் மெதுவாக, நெஞ்சைப் பிசைகிற மாதிரி வாசிப்பார்கள். உடலை வழியனுப்பிய பிறகு ட்ரம்ஸ் உறையைக் கழற்றும். தெருவே ஆடும். நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். ஆனால் அங்கே சாவுக்கு வாசித்தவன் பேரன் இன்று உலகமெல்லாம் போய் அரங்கத்தில் வாசிக்கிறான், ஊர் அவனைக் கொண்டாடுகிறது. நம்ம பறை தெருவிலிருந்து மேடைக்கு ஏற எத்தனை காலம் ஆயிற்று, இன்னும் எந்தெந்த மேடைக்கு ஏறவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

ஜாஸுக்கு முதல் ராஜா என்று அந்த ஊர் சொல்வது பட்டி போல்டனை. 1877-ல் பிறந்தவர். கார்னெட் வாசிப்பார். அவர் ஊதினால் மைல் கணக்கில் கேட்கும் என்று கேட்டவர்கள் சத்தியம் செய்திருக்கிறார்கள். 1907-ல் புத்தி பேதலித்து லூயிசியானா மாநில மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். 24 வருஷம் அங்கேயே இருந்து 1931-ல் இறந்தார். ஹோல்ட் இடுகாட்டில் அவரை எந்தக் குழியில் வைத்தார்கள் என்று தெரியாது. பல வருஷம் கழித்துப் பொத்தாம்பொதுவாக ஒரு நினைவுக்கல் நட்டார்கள். அவர் வாசித்ததில் ஒரு விநாடிகூட இன்று கையில் இல்லை. ஜாஸ் என்ற பெயரில் வந்த முதல் இசைத்தட்டு 1917-ல். வாசித்தவர்கள் ஐந்து வெள்ளைக்காரர்கள்.

"அப்ப ஒரிஜினல் யாருக்குமே தெரியாதா?" என்றான் பையன்.

தெரியாது. நாம் 'கேட்டறிந்த' சங்கீதம் என்பது யாரோ ஒருத்தன் மெஷினைக் கொண்டுபோய் வைத்த இடங்களின் பட்டியல்தான். அந்த மெஷின் லூயி ஆம்ஸ்ட்ராங்குக்குக் கிடைத்தது நம் அதிர்ஷ்டம். 1928-ல் அவர் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' எங்காவது கிடைத்தால் கேளுங்கள். ஆரம்பத்தில் துணை வாத்தியம் எதுவும் இல்லாமல் பத்துப் பன்னிரண்டு விநாடி தனியாக ஒரு ட்ரம்பெட் ஆலாபனை. அதைக் கேட்ட பிறகும் ஜாஸ் வெறும் இரைச்சல் என்று தோன்றினால் எனக்கு எழுத வேண்டாம், காது டாக்டரைப் பாருங்கள்.

நியூ ஆர்லியன்ஸை விட்டு ஹைவே 61-ல் வடக்கே கிளம்பினோம். ஜாஸின் தாயாதியான ப்ளூஸைத் தேடி மிஸிஸிப்பி டெல்டாவுக்கு. விக்ஸ்பர்க் தாண்டியதும் பூமி தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடுகிறது. பருத்தி, சோயா, மறுபடி பருத்தி. தஞ்சாவூர் ஜில்லாவில் கோடைக்காலத்தில் பஸ்ஸில் போகிற மாதிரி, அடுத்த ஊர் வருவதற்கு அரை மணி முன்பே அதன் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது.

காரில் ஒரு பழைய பாட்டைப் போட்டேன். கால் மணியில் பையன் நெளிய ஆரம்பித்தான்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. எல்லாம் ஒரே பாட்டு மாதிரியே இருக்கு."

"விரல் விட்டு எண்ணு."

ப்ளூஸின் கணக்கு எளிசு. நாலு தட்டு ஒரு கட்டம். பன்னிரண்டு கட்டம் ஒரு சுற்று. ஆக நாற்பத்தெட்டு அட்சரத்துக்கு ஓர் ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாலு கட்டத்தில் ஒரு வரி. அடுத்த நாலில் அதே வரி. கடைசி நாலில் அதற்குப் பதில். ஒவ்வொரு வரியிலும் பாடகன் பாதி தூரம்தான் பாடுவான். மீதியைக் கிதார் சொல்லும். பேசிக்கொள்ள வேறு ஆள் இல்லாதவன் கிதாரோடு பேசுகிற ஏற்பாடு இது.

அப்புறம் அந்தக் காந்தாரம். அவர்கள் பாஷையில் 'ப்ளூ நோட்'. நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே எங்கேயோ ஒரு சந்தில் நிற்கும். நிற்கும் என்பதுகூடத் தப்பு, வழுக்கும். கிதார்காரன் தந்தியை இழுத்து அதைப் பிடிக்கிறான். பியானோவில் கட்டைகளுக்கு நடுவே சந்து இல்லையே, என்ன செய்வான்? பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டையும் சேர்த்து நசுக்குகிறான். கமகம் இல்லாத வாத்தியத்தில் கமகத்துக்கு அழுகிற அழுகை. தோடி கேட்டு வளர்ந்தவனுக்கு இது ஒரு விநாடியில் பிடிபடும். ஐரோப்பியப் பண்டிதர்கள் ரொம்ப காலம் இதை அபஸ்வரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பையன் நாலாவது பாட்டில் ஸ்டியரிங்கில் தட்ட ஆரம்பித்துவிட்டான். நான் கவனிக்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

க்ரீன்வுட் ஊருக்கு வடக்கே மணி ரோடு. லிட்டில் ஸயன் சர்ச்சின் பின்னால் ராபர்ட் ஜான்சன் கல்லறை. 1936, 37-ல் 29 பாட்டுகள் பதிவு செய்துவிட்டு, 1938-ல் 27 வயதில் செத்துப்போனவர். நள்ளிரவில் நாற்சந்தியில் சைத்தானிடம் ஆத்மாவை விற்றுக் கிதார் கற்றார் என்று கதை. இவருக்கு இந்த வட்டாரத்தில் மொத்தம் மூன்று கல்லறைக்கல். உயிரோடிருந்தபோது தங்க ஓர் இடம் இல்லாத மனுஷன்.

அதே ரோட்டில் இன்னும் சில மைல் போனால் மணி என்ற கிராமம், இடிந்த ஒரு மளிகைக்கடை. 1955-ல் இந்தக் கடைக்காரியிடம் வாலாட்டினான் என்று சொல்லி எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்புப் பையனைக் கொன்றார்கள். வழக்கு நடந்தது. ஜூரி முழுக்க வெள்ளையர்கள். ஒரு மணி நேரத்தில் விடுதலை. காரில் பாட்டை நிறுத்தச் சொன்னேன். ப்ளூஸ் ஏன் இப்படி இருக்கிறது என்று பையன் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நான் முக்கியமாகப் பார்க்க வந்தது அவலானை. மிஸிஸிப்பி ஜான் ஹர்ட்டின் ஊர்.

"அவலானா? அவலும் வெல்லமும் கிடைக்குமா மாமா?" அவன் பசி அவனுக்கு. மூன்று நாளாக சோள ரவைக் கஞ்சியில் ஊறுகாயைக் கலந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஹர்ட் ஒரு குடியானவர். 1928-ல் ஒரு கம்பெனி அவரை மெம்ஃபிஸுக்கும் பிறகு நியூயார்க்குக்கும் அழைத்துப்போய்ப் பாட வைத்தது. நியூயார்க் குளிரில் ஊர் ஞாபகம் வந்து, அவலான்தான் என் ஊர் என்று ஒரு பாட்டுக் கட்டினார். அதையும் பதிவு செய்தார்கள். அடுத்த வருஷம் பங்குச்சந்தை கவிழ்ந்தது. தட்டு விற்கவில்லை. மனுஷர் அவலானுக்குத் திரும்பி வயல் வேலை, மாடு மேய்ப்பு என்று 35 வருஷம் கழித்தார்.

1952-ல் ஹாரி ஸ்மித் என்பவர் பழைய தட்டுகளிலிருந்து 84 பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். அதில் ஹர்ட் பாட்டு இரண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே கேள்வி, யார் இந்த ஆள்? செத்திருப்பார் என்று முடிவு கட்டினார்கள். வாஷிங்டன் பக்கத்து இசைத்தட்டுப் பைத்தியங்களில் ஒருவரான டாம் ஹாஸ்கின்ஸுக்கு அந்த அவலான் பாட்டு கிடைத்தது. மேப்பைப் பிரித்தார். அவலான் இல்லை. 1878-ம் வருஷத்து அட்லஸ் ஒன்றைத் தேடிப் பிடித்தார். க்ரீன்வுட்டுக்கும் க்ரெனாடாவுக்கும் நடுவே ஒரு புள்ளி. 1963-ல் காரை எடுத்துக்கொண்டு வந்து, அங்கேயிருந்த ஒரே கடையில் விசாரித்தார். ஒரு மைல் போ, மேட்டில் மூன்றாவது தபால் பெட்டி என்றார்களாம்.

ஹர்ட்டுக்கு அப்போது எழுபது வயது. வீட்டில் கிதார்கூட இல்லை. வந்திருப்பவன் போலீஸ் என்று பயந்தார். கறுப்பன் வீட்டு வாசலில் வெள்ளைக்காரன் வந்து பெயரைச் சொல்லி விசாரித்தால் வேறென்ன நினைப்பது? ஹாஸ்கின்ஸ் தன் கிதாரைக் கொடுத்தார். விரல்கள் மறக்கவில்லை. அந்த ஜூலையிலேயே நியூபோர்ட் விழாவில் ஆயிரக்கணக்கான பேர் முன்னால் உட்கார்ந்து, தாலாட்டுப் பாடுகிற மாதிரி பாடினார். கட்டைவிரல் தாளம் போட, மற்ற விரல்கள் மெட்டு வாசிக்க, ஒரு கிதார் இரண்டு கிதாராகக் கேட்கும். மூன்று வருஷம் அந்த வாழ்வு. 1966-ல் காலமானார்.

தீட்சிதர் கிருதியில் க்ஷேத்திரத்தின் பெயர் வரும். கேட்டதும் இது திருவாரூர், இது காஞ்சி என்று சொல்லிவிடலாம். ஹர்ட் தெரியாத்தனமாக அதே வேலையைச் செய்திருக்கிறார். ஊர்ப் பெயரை வைத்தார், ஊரை வைத்து அவரைப் பிடித்தார்கள். பெயர் வைக்காமல் பாடிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ.

அவலானில் பார்க்க ஒன்றுமில்லை. தட்டை நிலம் முடிந்து மேடு துவங்கும் இடம். காட்டுப்பாதையில் கொஞ்ச தூரம் போனால் கல்லறை. மேலே யாரோ வைத்துவிட்டுப் போன சில்லறைக் காசுகள். அவருடைய வீட்டைப் பேத்தி அருங்காட்சியகமாக ஆக்கி வைத்திருந்தார். 2024 பிப்ரவரியில் அது எரிந்து போயிற்று. கரி படிந்த மேட்டின் முன்னால் பையன் ஒரு நிமிஷம் நின்றான். "இந்தப் பாட்டு என் ஃபோன்ல இருக்கே மாமா" என்றான். எனக்கு ஆறுதல் சொல்வதாக அவனுக்கு நினைப்பு. ஓரளவுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது.

க்ளார்க்ஸ்டேலுக்குப் பதினைந்து மைல் முன்னால் டட்வைலர். 1903-ல் டபிள்யூ.சி. ஹேண்டி என்ற பேண்ட் மாஸ்டர் இங்கே ரயிலுக்குக் காத்திருந்து தூங்கிப்போனார். ரயில் லேட். கண் விழித்தபோது பக்கத்தில் கந்தல் உடுத்த ஒருத்தர் கிதார் தந்தி மேல் கத்தியை வைத்து வழுக்கி வழுக்கி வாசித்துக்கொண்டிருந்தார். அதுவரை கேட்டிராத விசித்திரமான சங்கீதம் என்று ஹேண்டி பிற்பாடு தன் புத்தகத்தில் எழுதினார். பல ப்ளூஸ் பாட்டுகளை எழுதி அச்சிட்டுப் புகழும் பெற்றார். கத்தி வைத்திருந்த ஆள் யார்? தெரியாது.

தந்தி மேல் கட்டையை வழுக்குவது நமக்குப் புதிசா என்ன, கோட்டுவாத்தியம் அதுதானே! இதே பாணியில் டெக்ஸாஸ்காரர் பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927-ல் வாசித்து, வார்த்தையே இல்லாமல் முனகிய பாட்டு ஒன்றை 1977-ல் வாயேஜர் விண்கலத்தில் வைத்து அனுப்பினார்கள். அந்தத் தங்கத் தட்டில் மொத்தம் 27 சங்கீதம், ஒன்றரை மணி நேரம். பாக், பீத்தோவன், லூயி ஆம்ஸ்ட்ராங், நம்ம கேசர்பாய் கேர்க்கர். உலக சங்கீதத்தில் எங்கே ஆரம்பிப்பது என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பட்டியல் எனக்குத் தெரியாது. வேற்றுக்கிரகவாசிகளை முந்திக்கொள்ளுங்கள்.

க்ளார்க்ஸ்டேலில் பழைய சரக்கு ரயில் நிலையத்தில் ப்ளூஸ் மியூசியம். உள்ளே மடி வாட்டர்ஸ் குடியிருந்த மரக்குடிசையைப் பெயர்த்துக்கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். 1941-ல் காங்கிரஸ் நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் ஜான் வொர்க்கும் மெஷினோடு வந்து பதிவு செய்தது இந்தக் குடிசைக்காரரைத்தான். தன் குரலைத் தானே தட்டில் கேட்டார். இரண்டு வருஷத்தில் ட்ராக்டரை விட்டுவிட்டு சிகாகோவுக்கு ரயிலேறினார். பிறகு நடந்தது சரித்திரம்.

ராத்திரி ஒரு ஜூக் ஜாயின்ட்டுக்குப் போனோம். போர்டு இல்லை. வாசலில் தகர பீப்பாயில் இறைச்சி வெந்துகொண்டிருந்தது. உள்ளே சிவப்பு சீரியல் லைட், பதினைந்து பேர், மேடை கிடையாது, தரையில் ஒரு கார்ப்பெட் துண்டு. அதன் மேல் நாற்காலி போட்டு எழுபது வயதுக் கிழவர் ஒருவர் விரலில் ஸ்பானர் குழாயை மாட்டிக்கொண்டு கிதாரில் வழுக்கினார். மழை மாதிரி வாசித்தார். இடைவேளையில் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

"எந்த ஊர்?"

"இந்தியா. சென்னை."

"அங்கே ப்ளூஸ் உண்டா?"

"அதுக்குப் பேர் வேற" என்றான் பையன், எனக்கு முந்தி.

எங்கள் நாட்டிலும் கிதாரை இப்படி வழுக்கி வாசிப்பவர்கள் உண்டு என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. பையன் ஃபோனை எடுத்து, விஸ்வ மோகன் பட்டும் ரை கூடரும் சேர்ந்து வாசித்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' தொகுப்பைத் தேடிப் போட்டுக் கொடுத்தான். 1993-ல் வெளியானது. இரண்டு பேரும் அதற்குமுன் அதிகம் பேசிக்கூடப் பழகியதில்லை, உட்கார்ந்து வாசித்துவிட்டார்கள்.

கிழவர் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பாரிலிருந்த அம்மாள் அவரைக் கூப்பிட்டாள். கையை மட்டும் ஆட்டினார்.

பிறகு திரும்பி, "இதில் ஒருத்தனை எனக்குத் தெரியும். இன்னொருத்தன் எந்த கவுன்ட்டி?" என்றார்.

ராஜஸ்தான் என்றேன். ஸ்பெல்லிங் கேட்டார். பேப்பர் நாப்கினில் பையன் பெரிய எழுத்தில் பெயரை எழுதிக் கொடுத்தான். கிழவர் அதை மடித்துக் கிதார்ப் பெட்டிக்குள் ஸ்பேர் தந்திகளுக்கு அடியில் வைத்தார். ஃபோனைத் திருப்பிக் கொடுக்காமல், "முதலிலிருந்து போடு" என்றார்.

அடுத்த செட் பத்து நிமிஷம் லேட்டாகத்தான் ஆரம்பித்தது.